காசு போடும் சோடாப் பெட்டி

மச்சான் அந்தப் பெட்டியை என் கடை வாசலில் இறக்கியபோது அது என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. இடுப்பு உயர இரும்புப் பெட்டி. சிவப்புப் பெயிண்ட் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. மேலே மூடி, பக்கவாட்டில் காசு போட ஒரு வாய். மலையிலிருந்து லோடு இறக்க வந்த ஜீப்பில், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"என்ன மச்சான் இது?"

"சோடா மிஷினு மாப்ளே. காசப் போட்டா பாட்டில் வரும். ஜில்லுனு வரும். நீ இத ஓட மட்டும் வச்சுக் குடு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கலர்க்கடை போட்டு உக்காந்துக்கிறேன்."

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் போடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். கோடையில் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிடும். பம்புசெட்டு மோட்டார்கள் வரிசையாக எரிந்து வந்து கிடக்கும். எனக்கு மோட்டார் தெரியும். குளிர் வைக்கிற மிஷின் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது மச்சானிடம் எதற்கும் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் என் அக்காவைக் கட்டியவர். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள மலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தார். பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தி, தரம் பிரித்து, மூட்டை போடுகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அந்த வருடம் முதலாளி, முதல் தரமான பச்சைக் காயாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு மூட்டை தனியே எடுத்துவைக்கச் சொன்னார். ஏலக்காயில் பச்சைக்குத்தான் மதிப்பு. வெளிச்சமும் ஈரக்காற்றும் பட்டால் நிறம் இறங்கிவிடும். அதனால் அந்த மூட்டையை மச்சான் இந்தப் பெட்டிக்குள் வைத்தார். பக்கத்து டீ எஸ்டேட்டில் வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்துக் கிளப்பை மூடியபோது, நாற்காலி மேசைகளோடு இதையும் முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். சோடா விற்க ஆளில்லை. காற்றுப் புகாத மூடி, உள்ளே குளிர்ச்சி. காய் வைக்க நல்ல இடம் என்று வைத்துக்கொண்டார்கள்.

தை மாதம் முதலாளி வந்து மூட்டையைப் பிரித்தார். காய் முழுக்க வெளுத்துப் போயிருந்தது.

"பச்சைய வித்துத் தின்னுட்டு, போன வருசத்துக் காயக் கட்டி வச்சிருக்கியா?" என்று கேட்டிருக்கிறார். ஸ்டோர் சாவி மச்சானிடம் மட்டும்தான் இருந்தது. அதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும்? அன்றே வேலையை விட்டு நிறுத்தி மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். போலீசுக்குப் போகாதது முதலாளியின் பெருந்தன்மை என்று கீழே ஊரில் பேசிக்கொண்டார்கள். போடியில் ஏலக்காய்க்காரர்கள் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அதன் பிறகு எந்த எஸ்டேட்டிலும் அவருக்கு வேலை இல்லை.

ராசிங்காபுரத்திலிருந்து எங்கள் அப்பா வந்து அக்காவை அழைத்துப் போய்விட்டார். "காயத் திருடுனவன் வீட்டுக்கு எம்புள்ளைய அனுப்ப மாட்டேன். அவன் திருடலைன்னா அதை அந்த முதலாளி வந்து சொல்லட்டும், அனுப்புறேன்" என்றார். அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். மச்சான் என் கடையின் பின்கட்டில் படுத்துக்கொண்டார். அதற்குள் ஓட்டமும் நின்று ஸ்டோரில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த பெட்டியைப் பழைய இரும்பாகத் தள்ளப் போவதாகக் கேள்விப்பட்டு, ஜீப்புக்காரரிடம் சொல்லி எடுத்து வந்திருந்தார். திருடன் என்று துரத்திய இடத்திலிருந்து ஒரு பொருளை வாங்கி வந்திருக்கிறாரே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவர் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. கடை போட வேண்டும், வெயில் முடிவதற்குள் போட வேண்டும், அக்கா வர வேண்டும். அவ்வளவுதான் அவர் மனதில் இருந்தது.

அவர் ஓர் இடத்தில் உட்காரமாட்டார். நான் மோட்டாரில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நிற்பார். தெருவுக்குப் போவார், பஸ் ஸ்டாண்டு வரை போய் கடை போட இடம் பார்த்துவிட்டு வருவார், மறுபடி நிற்பார். "வெரசாப் பாரு மாப்ளே" என்பார். நான் நிமிர்ந்து பார்த்தால், மலையில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்த மலையாளத்தில், பரவாயில்லை என்பதற்கு, "சாரமில்ல, சாரமில்ல, நீ ஒஞ் சோலியப் பாரு" என்பார். அந்த நடமாட்டத்தில் எனக்கும் கை ஓடாது. சுற்றின சுற்றை மறந்து மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே நீளவாக்கில் இரும்புத் தண்டவாளங்கள். பாட்டிலின் கழுத்தை அதில் மாட்டித் தொங்கவிட வேண்டும். காசு போட்டால் ஓரத்தில் உள்ள கதவின் பூட்டு விடும். ஒரு பாட்டிலை நகர்த்திக் கொண்டுவந்து மேலே உருவிக்கொள்ளலாம். கீழ்த் தட்டில் ஒரு மோட்டார். அதிலிருந்து பெல்ட்டு போட்டு, பக்கத்தில் இன்னொரு கனத்த இரும்பு உருளை. அதிலிருந்து செம்புக் குழாய்கள் மேலே ஏறின. பெயர்த் தகடு இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

தண்டவாளங்களைக் கழற்றியபோது அடியில் கொஞ்சம் ஏலக்காய் சிந்திக் கிடந்தது. கூட்டிக் குப்பையில் போடப் போனேன்.

"ஏய், ஏலக்காய யாராச்சும் தூரப் போடுவாங்களா?" என்று மச்சான் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் போட்டார். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். "வெளுத்துக் கெடந்தாலும் காரம் போகல பாரு" என்றார். அன்று டீயில் தட்டிப் போட்டுக் குடித்தோம். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

மோட்டாரைப் பிரித்தேன். சுற்று கருகியிருந்தது. புதிதாகச் சுற்றி மாட்டினேன். மோட்டார் ஓடியது, பெல்ட்டு ஓடியது, உருளையும் சுற்றியது. பெட்டி குளிரவில்லை. ஒரு பகல் முழுக்க ஓட விட்டோம். மச்சான் நொடிக்கொரு தரம் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார்.

"லேசா குளிருதுல்ல?"

"இல்ல மச்சான்."

"நீ நல்லாத் தொட்டுப் பாரு."

"காத்துதான் வருது."

காசு போடும் வாயையும் சோதித்தார். பத்துப் பைசா வாயிலேயே நின்றது. நாலணா உள்ளே போனது, ஆனால் பூட்டைத் தள்ளாமல் நேரே கீழே விழுந்தது. "காசையும் வாங்கிக்கிருது, வேலையும் பாக்க மாட்டேங்குது. கவர்மெண்டு ஆபீசுல இருக்க வேண்டிய மிஷினு" என்றார். நான் அந்தப் பாதையைப் பிரித்துப் பார்த்தபோது நெளிநெளியான விளிம்போடு ஒரு பழைய ஒரணா சிக்கியிருந்தது. ராஜா தலை போட்டது. வருடம் தேய்ந்துபோயிருந்தது. அணா போய் நயா பைசா வருவதற்கு முந்தின மிஷின் என்று அதில் தெரிந்தது. எவ்வளவு முந்தி என்று தெரியவில்லை.

குளிர் வைக்கிற காஸு தீர்ந்திருக்கும், அடைக்க வேண்டும், அதற்குக் குழாயை வெட்ட வேண்டும். இவ்வளவு ஊகிக்க முடிந்தது. வெட்டுவதற்கு முன் கேட்டுவிடுவோம் என்று மதுரைக்கு ரயில் ஏறினேன். நான் வேலை பழகிய கடைக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரிடம் பேச வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. அவரே கேட்டார்.

"மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே சட்டிக்குள்ள சீல் பண்ணியிருக்கா, தனித்தனியா இருக்கா?"

"தனித்தனியா. பெல்ட்டு போட்டிருக்கு."

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "பெல்ட்டா? அது வெள்ளக்காரன் சண்ட போடுறதுக்கும் முந்தின உருப்படியா இருக்கும்யா. எங்க புடிச்ச? குழாய வெட்டிட்டியா?"

"இல்லண்ணே."

"தப்பிச்ச. அந்தக் காலத்துல வேற காஸு போடுவான். இப்ப வர்ற மாதிரி வாசனையில்லாத காஸு இல்ல. மூக்கப் பொசுக்கிரும், கண்ணு போயிரும். வீட்டுக்குள்ள வச்சுத் தெறந்தா ஆளே காலி." அந்தக் காஸின் பெயரை இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அது மனதில் நிற்கவில்லை. எப்படி வெளியே விட வேண்டும் என்று சொல்லித் தந்தார். வெட்டவெளியில் வைக்க வேண்டும், காற்று நமக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு நட்டை நூல் பிரிவது போல மெதுவாகத் திருக வேண்டும். பழைய ஃபிரிட்ஜில் கழற்றிய சீல் வைத்த கம்ப்ரஸர் ஒன்று தருவதாகவும் சொன்னார்.

மறுநாள் காலை பெட்டியைக் கடைக்குப் பின்னால் பொட்டலில் இழுத்து வைத்தோம். மச்சானைத் தூரப் போகச் சொன்னேன். போகவில்லை. துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நட்டைத் திருகினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சீறல் போல மெல்லிய சத்தம் வந்தது. துண்டையும் மீறி மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இரண்டு பேரும் இருமிக்கொண்டே பொட்டலின் இன்னொரு மூலைக்கு ஓடினோம்.

அது ஏலக்காய்க் கடைகளுக்குக் காய் பொறுக்கப் போகும் பெண்கள் அந்த வழியாகப் போகும் நேரம். ஒருத்தி முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணே, மோட்டார்க் கடையிலயும் வெளுப்புக் காய் போட ஆரம்பிச்சிட்டீகளா?"

கூட வந்தவள், "பட்டறைய விட இங்க நெடி தூக்குதுடி" என்றாள். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

போடியில் இருக்கிறவர்களுக்கு வெளுப்புக் காய் தெரியும். வடக்கே சில ஊர்களில் பச்சைக் காயை வாங்க மாட்டார்கள், வெள்ளையாகக் கேட்பார்கள். அதற்காகவே காயை நனைத்து, அறைக்குள் பரப்பி, கந்தகத்தைப் பற்றவைத்துப் புகை போடுவார்கள். அந்தப் புகையில் பச்சை போய் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அந்தப் பட்டறை இருந்த தெருவைக் கடந்து போகாத நாள் எனக்கு இல்லை. இந்த நெடியும் அதே நெடிதான். அவள் சொன்ன பிறகுதான் என் மூக்குக்கு அது தெரிந்தது.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"பெட்டியத் தெறக்கும்போதெல்லாம் நெடி அடிக்கும் மாப்ளே" என்றார். "செடிக்கு அடிக்கிற கந்தகத் தூளு மூட்டைய அந்த ரூம்லதான் அடுக்கியிருந்துச்சு. அந்த வாடைன்னு நெனச்சுட்டேன். எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சோம்."

தகர டப்பாவை எடுத்து வந்து கொட்டிப் பார்த்தோம். பெரும்பாலானவை வெள்ளை. இரண்டு மூன்று மட்டும் இன்னும் பச்சையாக இருந்தன. அவை பாட்டிலை உருவும் கதவின் ரப்பருக்கு வெளியே, இடுக்கில் கிடந்தவை. அன்று நான்தான் குச்சியால் குத்தி எடுத்து டப்பாவில் போட்டேன். ஒரே மூட்டையில் சிந்திய காய். பெட்டிக்குள் ஒழுகிய காஸு, உள்ளே கிடந்ததை மட்டும் வெளுத்திருக்கிறது.

"இப்பவே போய்ச் சொல்லுங்க மச்சான்" என்றேன்.

"நா போக மாட்டேன். திருடுனவன் ஒரு கதையோட வந்திருக்கான்னு சொல்வாரு. நீ போ."

நான் போனேன். ஏலம் நடக்கும் இடத்தில் முதலாளி இருப்பார் என்று தெரியும். உள்ளே ஏலம் முடிந்து வியாபாரிகள் வெளியே வரும்வரை வாசலுக்கு எதிரில் நின்றேன். அவர் நாலைந்து பேரோடு பேசிக்கொண்டே வந்தார். பையில் காய்ப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஜீப்பில் ஏறினார். நான் கூப்பிடவில்லை. மறுநாளும் போனேன். அன்றும் அப்படியே. திரும்பி வந்தால் கடை வாசலில் மச்சான் நிற்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போவார். கேட்டிருந்தாலாவது பரவாயில்லை.

அதற்கு மேல் கடையில் இருக்க முடியாமல் ராசிங்காபுரம் பஸ் ஏறினேன். அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவளிடம் சொல்லி முடித்தேன். அவளிடம் எனக்குப் பேச வரும். பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளைக் காய் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி உடைத்தாள். அவள் கல்யாணமானதிலிருந்து எஸ்டேட்டில் காய் பொறுக்கியவள்.

உள்ளே விதை கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது.

"பழைய காயா இருந்தா விதை சுருங்கி வெளிறிப் போயிருக்கும்" என்றாள். "இது அந்த வருசத்துக் காயி. ஏலத்துல காய் வாங்குற ஒருத்தனும் ஒடைச்சுப் பாக்காம வாங்க மாட்டான். அந்த மனுசன் ஒடைச்சுப் பாத்தாராமா?"

"தெரியலக்கா."

"வா கேப்போம்."

"அப்பா..."

"அப்பா முதலாளி சொல்லணும்னுதான சொன்னாரு. கேக்கப் போகக் கூடாதுன்னு சொல்லலையே."

தெளித்த வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். போடியில் முதலாளி வீட்டுக்கு நேராகப் போனோம். அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அக்காவை அடையாளம் தெரிந்து முகம் மாறியது. அக்கா உட்காரவில்லை. பொட்டலத்தை மேசையில் பிரித்து வைத்தாள். பச்சையும் வெள்ளையும் ஒன்றாகக் கிடந்தன.

"ரெண்டும் ஒங்க மூட்டைக் காய்தான் மொதலாளி. அந்தப் பெட்டியில கந்தக காஸு ஒழுகியிருக்கு. எந்தம்பி பிரிச்சுப் பாத்திருக்கான். அத விடுங்க. நீங்க அன்னைக்கு ஒரு காய ஒடைச்சுப் பாத்தீகளா?"

அவர் ஒரு வெள்ளைக் காயை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கினார். விதையைப் பார்த்தார், முகர்ந்தார். வாயில் போட்டார். இன்னொன்றை உடைத்தார். பரம்பரையாக ஏலக்காயில் இருப்பவர். நாங்கள் சொல்லிப் புரிய வேண்டியது ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீதான் பிரிச்சியா?" என்றார். தலையாட்டினேன்.

"அவன வரச் சொல்லு. ஸ்டோருல சேந்துக்கிரட்டும்" என்றார் அக்காவிடம்.

"அத அவருகிட்டக் கேட்டுக்கங்க. எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த நீங்க வந்து சொல்லணும். அது போதும் எனக்கு."

"பாக்குறேன்."

அந்தப் 'பாக்குறேன்' எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அக்கா ராசிங்காபுரத்துக்கே போய்விட்டாள். நான் மதுரைக்குப் போய்க் கம்ப்ரஸரை வாங்கி வந்து, பழைய குழாய்களை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் சுற்றினேன். மெக்கானிக் ஒருநாள் வந்து காஸு அடைத்துக் கொடுத்தார். பெட்டியின் உள்சுவரில் பனி பிடித்தது. மச்சான் அதை விரலால் சுரண்டிப் பார்த்தார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஜீப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தெருவை எட்டிப் பார்த்தார். போடியில் ஜீப்புச் சத்தம் எப்போதுதான் கேட்காது?

முதலாளி கடைசியில் அப்பாவைப் பார்க்கப் போனார். நான் அன்று அக்காவைப் பார்க்க ராசிங்காபுரத்தில் இருந்தேன். ஜீப்பு எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"பெரியவரே, ஒங்க மருமகன் மேல தப்பு இல்ல. மிஷின் கோளாறு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"உள்ள வாங்க, மோராச்சும் குடிச்சுட்டுப் போங்க."

"இன்னொரு நாளைக்கு வர்றேன்."

ஜீப்பு திரும்பிப் போய்விட்டது. அப்பா துண்டைத் தோளில் போட்டார். பிறகு உள்ளே திரும்பி, "ஆத்தா, பொட்டிய எடுத்து வையி. கடைசி பஸ்சு போயிரும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அக்காவின் தகரப் பெட்டியை அவரே தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தார். பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மருமகனை ஒரு நாள் வரச் சொல்லு என்று என்னிடம் சொன்னார். அதை அக்காவிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். மச்சான் அக்காவைப் பார்த்தார், அவள் தகரப் பெட்டியைப் பார்த்தார். என்னிடம்தான் கேட்டார்.

"வந்தாரா?"

"வந்தாரு மச்சான்."

"என்ன சொன்னாரு?"

"ஒங்க மேல தப்பு இல்ல, மிஷின் கோளாறுன்னாரு."

"மிஷின் கோளாறா? அவரு ஒடைச்சுப் பாக்கலைங்கிறதச் சொன்னாரா?"

"இல்ல."

"ஜீப்ப விட்டு எறங்குனாரா?"

நான் அக்காவைப் பார்த்தேன். "இல்ல" என்றேன்.

"இஞ்சின அணைச்சாராச்சும்?"

அக்கா கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து, சோற்றைத் தட்டில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"எறங்குனா என்ன, எறங்காட்டி என்ன. நா எறங்கி வந்திருக்கேன்ல. சாப்புடுங்க."

மச்சான் தட்டை வாங்கிக்கொண்டார். உட்காரவில்லை. நின்றபடியே ஒரு வாய் வைத்தார். வாசலில் ஏதோ ஜீப்பு போனது. அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அடுத்த வாய் பிசைந்தார்.